ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ: 1.3 டீசல் இன்ஜின் கேள்வி பதில்

ஒரே இன்ஜினைப் பற்றித்தான் இந்த முறை எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். புது வண்டியில் இது இப்போது வருவதில்லை. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் இன்னும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

டிசையர், விஸ்டா, புன்டோ மூன்றிலும் ஒரே இன்ஜின்தான் என்கிறார்களே, உண்மையா சார்? (திருப்பூர் வாசகர்)

உண்மைதான். மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, ஃபியட் மல்டிஜெட் என்றது. உள்ளே இருப்பது அதே 1248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு இன்ஜின். சிலிண்டர் விட்டம் 69.6 மிமீ, ஸ்ட்ரோக் 82 மிமீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 2003-இல் போலந்தில் தயாரிப்பு தொடங்கியது. 2005-இல் தன் அளவுப் பிரிவில் சர்வதேச விருதும் வாங்கியது. இந்தியாவில் 2007-இல் ஸ்விஃப்ட் டீசலோடு பிரபலமானது. மாருதிக்கு மானேசரிலும், ஃபியட்டுக்கும் டாடாவுக்கும் புனே பக்கம் ரஞ்சன்காவிலும் செய்தார்கள். இத்தனை கம்பெனி வண்டிகளில் ஓடியதால் 'தேசிய இன்ஜின்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஆனால் ஒன்று: இன்ஜின் ஒன்று என்பதற்காக எல்லா உதிரிபாகமும் மாற்றிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், மவுண்ட் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என்று இரண்டு வருகிறதே அண்ணா, எதை வாங்கலாம்?

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ. 75-இல் சாதாரண டர்போ, மாருதியில் 190 என்எம் டார்க் (இழுவிசை). 90-இல் விஜிடி டர்போ, அதாவது உள்ளே இருக்கும் தகடுகள் வேகத்துக்கு ஏற்பத் திரும்பும். மாருதியில் டார்க் 200 என்எம். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, எஸ்எக்ஸ்4 எல்லாம் 90. ஹைவேயில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓவர்டேக் செய்யும்போது 90-இன் அருமை தெரியும். ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றால் 75 போதும். டர்போ கெட்டால் செலவும் அதில் குறைவு. தகடுகளில் கரி படிந்து சிக்கிக்கொள்ளும் தொல்லை 75-இல் கிடையாது.

ஸ்விஃப்ட், 1.6 லட்சம் கிமீ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கடகட' என்று ஒரு சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. மெக்கானிக் டைமிங் செயின் மாற்றச் சொல்கிறார். பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும், செயினை மாற்றவே வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? (சேலம்)

பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் முறைப்படி இயங்க வைப்பது டைமிங் செயின். 'செயின் என்றால் ஆயுளுக்கும் வரும்' என்ற பேச்சை நம்பி இந்த இன்ஜினைத் தொலைத்தவர்கள் நிறைய. பெல்ட்டுக்கு இருப்பது போல இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கணக்கு இதற்கு இல்லை, அவ்வளவுதான்.

செயினை இறுக்கிப் பிடிப்பது ஒரு டென்ஷனர். அது வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில். இந்த இன்ஜினுக்குள் நிற்கும் ஆயிலோ மொத்தமே 3 லிட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பதும் கரியோடு கெட்டியாகி, சம்பின் (ஆயில் தொட்டியின்) அடியில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், டென்ஷனருக்கு அழுத்தம் போகாது. செயின் தொளதொளக்கும், ஒருநாள் பல் தாண்டும். அப்போது வால்வுகளைத் தள்ளும் ராக்கர்கள் உடைவதோடு நின்றால் உங்கள் நல்ல நேரம். வால்வும் பிஸ்டனும் மோதினால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒரு விநாடி சத்தம் வந்து அடங்கினால் ஆயில் மேலே ஏறும்வரை வருவதாக இருக்கலாம். நாலைந்து விநாடி நீண்டாலோ, சூடான பிறகும் கேட்டாலோ மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். மாற்றும்போது செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் சேர்த்து முழு செட்டாகப் போடுங்கள். சம்பைக் கழற்றி அந்த வலையையும் கழுவச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் புதுச் செயின் போட்டால் பழைய கதை திரும்ப வரும்.

ஆயில் எத்தனை கிமீ-க்கு மாற்றுவது?

கையேட்டில் உள்ளது உச்சவரம்பு. டிராஃபிக்கில் ஓடும் வண்டியென்றால் 10,000 வரை இழுக்காமல் 7,500-இல் மாற்றிவிடுவேன். அதைவிட முக்கியம், மாதம் இரண்டு முறை ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பது. எரிகிற விளக்கு ஆயில் அழுத்தத்துக்கு, அளவுக்கு அல்ல. அது எரியும்போது பாதி சேதம் ஆகியிருக்கும்.

கொடைக்கானல் ஏறும்போது வண்டி படுத்துவிடுகிறது. டர்போ போச்சா அண்ணா?

எப்போதுமே அப்படியென்றால் அது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். 2000 ஆர்பிஎம்-க்குக் கீழே இதில் உயிர் இருக்காது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் தள்ளாடாமல் முதல் கியருக்கு வாருங்கள். திடீரென்று இப்போதுதான் இழுவை போனது, கூடவே விசில் சத்தமும் கறுப்புப் புகையும் என்றால் டர்போவை விலை கேட்கும் முன் இன்டர்கூலருக்கு (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) போகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் கழன்றிருக்கும், அல்லது ஹோஸ் கிழிந்திருக்கும்.

ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் பிக்கப் கூடும் என்கிறார்களே? டிபிஎஃப் பிரச்சினையும் இருக்கிறதா?

இங்கே விற்ற பிஎஸ்4 (2020-க்கு முந்தைய புகை விதி) வண்டிகளில் டிபிஎஃப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, கிடையாது. அந்தக் கவலை வேண்டாம். ஈஜிஆர் என்பது புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு. அதை அடைப்பது புகை விதிக்கு எதிரானது, நான் செய்ய மாட்டேன். கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். தினம் 3 கிமீ கடைக்குப் போய் வரும் வண்டியில்தான் கரி அடைக்கும். வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

2017 டிசையருக்கு லிட்டருக்கு 28.4 கிமீ என்று போட்டார்களே, எனக்கு 21-தான் வருகிறது.

28.4 சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு 21 வருகிறதென்றால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. சும்மா விடுங்கள்.

இவ்வளவு நல்ல இன்ஜினை ஏன் நிறுத்தினார்கள்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற கடுமையான புகை விதி வந்தது. அதற்கு டிபிஎஃப் உள்ளிட்ட சமாச்சாரங்களைச் சேர்த்தால் சின்ன காரின் விலை எகிறும். 2014-லேயே டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, பெட்ரோலோடு இருந்த இடைவெளியும் குறைந்துகொண்டே வந்தது. கணக்கு ஒத்துவரவில்லை.

இப்போது பழைய வண்டி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது சார். (மதுரை)

போவதற்கு முன்பே, வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினில் அந்தச் செயின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, ஐடிலில் குபுகுபுவென்று புகை வருகிறதா பாருங்கள். ஓடோமீட்டரை நான் நம்புவதில்லை, சர்வீஸ் பில்களைத்தான் நம்புவேன்.

டெல்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. இங்கே அந்த விதி இல்லை. சொந்த வண்டிக்கு 15 ஆண்டு ஆர்சி, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் நம்பர் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்ளூர் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளூர் வண்டியையே எடுங்கள். யார் எங்கே சர்வீஸ் செய்தார்கள் என்று நேரில் போய்க் கேட்கவாவது முடியும்.