வெளிநாட்டுப் பயணத்தில், நடிகர்கள் நேரில் வரும் எஸ்கேப் ரூமுக்கு ஒரு மாலையைச் செலவிடலாமா?

கேள்வியில் இருந்தது இதுதான்: மே மாதம் மனைவியோடும் இரண்டு நண்பர்களோடும் ஏதென்ஸ் செல்கிறீர்கள், அங்கே நடிகர்கள் நடமாடும் எஸ்கேப் ரூம்கள் (பூட்டிய அறைகளுக்குள் புதிர்களை அவிழ்த்து வெளியேறும் விளையாட்டு) பெயர்பெற்றவை என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், மனைவிக்குப் பயம், உங்களுக்கு வீண்செலவோ என்ற சந்தேகம், போகலாமா, வேண்டாமா?

போகலாம். ஆனால் மனைவியின் பயத்தை முன்னால் நிறுத்திவிட்டு உங்கள் தயக்கத்தை அதன் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. "உனக்குத்தான் இருட்டு ஒத்துக்கொள்ளாதே" என்று என்னைக் காரணம் காட்டியே என் கணவர் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். கடைசியில் உள்ளே போய், விளையாட்டை நிறுத்தச் சொன்னவர் அவர்தான்.

நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். 2023ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பியின் குடும்பத்தோடு ஏதென்ஸ் சென்றோம். (வெளிநாடு செல்லத் தடையின்மைச் சான்று வாங்க நான் ஏறி இறங்கிய படிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பதில் திசைமாறிவிடும், விட்டுவிடுகிறேன்.) இந்த விளையாட்டில் பைத்தியம் என் தம்பிதான். ஜப்பானில் கியோட்டோ நகரில் 2007இல் தகாவோ கத்தோ என்பவர் தம் ஸ்கிராப் நிறுவனத்தின் மூலம் நடத்தியதும், புடாபெஸ்டில் 2011இல் அத்திலா ஜ்யுர்கோவிச் பாராபார்க் என்ற பெயரில் ஒரு நிலவறையில் திறந்ததும் இந்த விளையாட்டின் தொடக்கப் புள்ளிகள் என்பதை, நான் கேட்காமலேயே விமானநிலையத்திலிருந்து வரும் வழியில் சொல்லி முடித்துவிட்டான். தொடக்ககால அறைகள் பெரும்பாலும் பூட்டும் புதிரும்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடிகர்களை உள்ளே விட்டு, இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓடுகிற நாடகமாக அதை வளர்த்ததில் கிரீஸுக்கும் ஸ்பெயினுக்கும் பெரும் பங்கு உண்டு. 2018 முதல் இந்த விளையாட்டின் தீவிர ரசிகர்களே வாக்களித்து வெளியிடும் டெர்பெகா என்ற உலகப் பட்டியலில் இந்த இரு நாடுகளின் அறைகள் கூட்டமாக இடம்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்குத் திரும்பியதும் உறவினர் ஒருவர், "அக்ரோபோலிஸ் பார்க்கப் போனவர்கள் இருட்டறையில் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலேயே சொல்லிச் சிரித்தார். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இந்தப் பதிலை எழுதுவதற்கே பாதிக் காரணம் அதுதான். அக்ரோபோலிஸையும் பார்த்தோம், காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்று பார்த்தோம். எஸ்கேப் ரூம் இரவு ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் எந்த அருங்காட்சியகமும் எங்களுக்காகத் திறந்து காத்திருக்கவில்லை. நால்வருக்குமாக 140 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12,500 ரூபாய். இது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. பயணத்தில் வேறு எதற்குச் செலவழித்தீர்கள் என்று கணக்குக் கேட்பவர்களுக்கு, நாங்கள் கைப்பையோ கைக்கடிகாரமோ வாங்கி வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அடுத்துப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்கக்கூடாது என்பதால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. கதையிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கைப்பேசி, கடிகாரம், என் துப்பட்டா எல்லாவற்றையும் வாசலிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். தவழ வேண்டிய இடம் இருக்கிறது, துணி எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்றார்கள். நடிகர் கையையோ தோளையோ தொடலாமா, நால்வரில் ஒருவரைத் தனியே பிரித்து அழைத்துச் செல்லலாமா, பயத்தின் அளவு எவ்வளவு இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தாங்க முடியாவிட்டால் எந்தச் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதை நால்வரையும் தனித்தனியே சொல்ல வைத்தார்கள். நான் கதவைப் பற்றிக் கேட்டேன். மின்காந்தப் பூட்டு என்றார்கள். மின்சாரம் ஓடும் வரைதான் அந்தக் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் தானே விட்டுவிடும். ஒவ்வொரு அறையிலும் அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும் பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது. வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடம், அன்றைக்குத்தான் எனக்கே ஆறுதல் தந்தது.

கதை இதுதான்: மகளைத் தொலைத்த ஒரு கிழவியின் வீடு. அவள் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த அறைக்கான சாவி அவளுடைய மேலங்கிப் பையில் இருக்கிறது. கேட்டால் கொடுக்கமாட்டாள், பறிக்கவும் கூடாது. மேசை இழுப்பறையில் ஒரு சீப்பு கிடைத்தது. யாராவது ஒருவர் அவளுக்குத் தலைவாரிக்கொண்டே பேச்சுக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வாள் என்பதை என் தம்பி மனைவி கண்டுபிடித்தாள். சீப்பு என் கைக்கு வந்தது.

அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் தலையை, இருட்டில், வேறொரு நாட்டில் நின்று வாருவது என்னவோபோல் இருந்தது. நரைத்த பொய்முடிக்குக் கீழே, பிடரியில், அவளுடைய சொந்தக் கறுப்பு முடி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அவள் எனக்குக் கிழவியாகத்தான் இருந்தாள். ஆங்கிலத்தில் ஏதேதோ பேசினேன். மகளின் பெயர் என்ன, எப்போது போனாள் என்றெல்லாம் கேட்டேன். பின்னால் என் தம்பி முழங்காலில் நகர்ந்து அவளுடைய பைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. சீப்பு ஒரு சிக்கில் மாட்டியது. என்னையும் அறியாமல், "சிக்கு விழுந்திருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டேன். கிழவி கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினாள். "அம்மா?" என்று மெதுவாக, ஒரு கேள்விபோல, திருப்பிச் சொன்னாள். எனக்குக் கை நடுங்கியது. அதற்குள் சாவி கிடைத்துவிட்டது.

அதன் பிறகு வந்ததுதான் தவழ வேண்டிய வழி. முன்னால் தம்பி, அடுத்து அவன் மனைவி, நான், கடைசியில் என் கணவர். பாதி வழியில் அவருடைய கணுக்காலை ஒரு கை பிடித்தது. நிறுத்தச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் எங்கள் மூவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. உடனே விளக்குகள் எரிந்தன. பின்னணி இசை நின்றது. திரும்பிப் பார்த்தால் கூன்விழுந்த அந்தக் கிழவி முதுகை நிமிர்த்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த முதுகு நிமிர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கிருந்தோ ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து என் கணவரிடம் நீட்டி, மூச்சு சீராக இருக்கிறதா, வெளியே போக வேண்டுமா, தொடர விருப்பமா என்று இயல்பான குரலில் கேட்டாள். அவர் முகம் சிவந்து, தொடரலாம் என்றார். இனி அவரைத் தொடமாட்டேன் என்று அவள் உறுதி சொன்னாள்.

விளக்கு அணைந்தது. அவள் மீண்டும் கூன் போட்டாள். சாதாரணமாக இந்த இடத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேடம் கலைந்ததை நாங்களே பார்த்துவிட்டோமே! யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. "வெறும் நடிப்புதானே, தெரிந்துகொண்டே எப்படிப் பயப்படுவது?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் இந்த இரண்டு நிமிடம்தான்.

கடைசி அறையில் முழு இருட்டு. வெளியேறும் கதவு திறந்துவிட்டது. தம்பியும் மற்ற இருவரும் வெளியே போய்விட்டார்கள். நான் கதவருகில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், துரத்துகிற குரலாக இல்லாமல், தொலைந்துபோன பிள்ளையின் குரலாக, "அம்மா" என்றது. சீப்பு இன்னும் என் கையில் இருந்தது. திரும்பிப் போய், தடவிப் பார்த்து, அவள் கையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் விளையாட்டைக் கேமராவில் கவனித்து நடத்தியவர் சொன்னார்: அந்த இடத்தில் வழக்கமாக வருவது வேறொரு கிரேக்க வசனமாம், என் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்துவைத்திருந்து அந்தப் பெண்ணே மாற்றிக்கொண்டாளாம். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். சொன்னேன். நாங்கள் நினைத்ததும் அதுதான் என்றார்.

இதைப் பொருட்காட்சிப் பேய்வீட்டோடு ஒப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பேய்வீட்டில் நீங்கள் நடந்து போகிறீர்கள், அது பாட்டுக்கு அலறுகிறது. இங்கே உங்கள் பதிலுக்காக ஒரு மனிதர் காத்திருக்கிறார். விளையாட்டின் கடிகாரமும் அவர்தான். சாதாரண அறையில் திணறினால் திரையிலோ வாக்கிடாக்கியிலோ குறிப்பு வரும். எங்களுக்குக் குறிப்பு கிழவியின் புலம்பலில் வந்தது. நாங்கள் வேகமாகப் போனபோது அவள் குறுக்கே வந்து வேகத்தைக் குறைத்தாள், தேங்கியபோது எதையாவது தட்டிவிட்டு எங்கள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினாள். உள்ளே இருக்கும்போது இது எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த ஆசையில் ஊர் திரும்பிய பிறகு சென்னையில் ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். நடிகர் வருவார் என்று விளம்பரம். போனால், "இன்னிக்கு ஆக்டர் லீவு மேடம்" என்று சொல்லி, ஒலிபெருக்கியில் அலறலைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், வெளிப்பக்கம் நாதாங்கியில் ஒரு தொங்குபூட்டு தொங்கியது. நான் உள்ளே போகவில்லை. "சும்மா பூட்டுறதுதானே மேடம்" என்றார் அங்கிருந்த பையன். போலந்தின் கோஷாலின் நகரில் 2019 ஜனவரி 4 அன்று ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுப் பெண்கள் ஐந்து பேர் வெளியேற முடியாமல் இறந்துபோனார்கள். குளிருக்கு வைத்திருந்த எரிவாயு வெப்பமூட்டியின் கசிவில் தொடங்கிய தீ. சரியான வெளியேறும் வழியே கிடையாது. அதன் பிறகு அந்த நாட்டில் நூற்றுக்கணக்கான அறைகளைச் சோதனையிட்டுப் பலவற்றை மூடினார்கள். எனக்கு அந்தப் பெண்களின் வயதில்தான் மாணவிகள் இருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். போகட்டும் என்று வந்துவிட்டேன்.

இவ்வளவும் சொன்னதால் எல்லோரும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதாகக் கொள்ள வேண்டாம். இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இந்த வகை அறைகளைத் தவிர்ப்பதே நல்லது. மின்னிமின்னி அணையும் விளக்குகள் பல இடங்களில் உண்டு. வேடத்தில் இருப்பவரின் உண்மைப் பெயரைக் கேட்டு வம்பு செய்கிற, பயத்தில் கை ஓங்குகிற பழக்கம் உங்கள் நண்பர்களில் யாருக்காவது இருந்தால் அவரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். அந்த நடிகைக்கு ஒரே இரவில் எங்களைப் போல இன்னொரு குழுவும் இருந்தது.

உங்கள் மனைவியைப் பற்றி: முன்பதிவு செய்வதற்கு முன் அந்த இடத்துக்கு எழுதி நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முழு விளையாட்டும் ஆங்கிலத்தில் நடக்குமா, நடிகர் தொடுவாரா, ஆட்களைப் பிரிப்பார்களா, பயத்தைக் குறைத்து நடத்த முடியுமா. எங்கள் அனுபவத்தில் கடைசிக் கேள்விக்கு எந்த ஏளனமும் இல்லாமல் பதில் வந்தது. நடிகரை அப்படியே வைத்துக்கொண்டு, துரத்தலை மட்டும் எடுத்துவிட முடியும் என்றார்கள். தொடாமலும் பிரிக்காமலும் நடத்துவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட இடத்தை மட்டும் எடுங்கள். போய் இறங்கிய முதல் இரவில் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் புதிர் ஓடாது. ஊர் திரும்பும் முந்தைய இரவும் வேண்டாம், முடிந்து வெளியே வந்த பிறகு நால்வரும் எங்காவது உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனைவியை வரிசையில் கடைசியில் தவழ விடாதீர்கள். அந்த இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.