1966 ஃபோர்டு மஸ்டாங் கார், டிரைவ்ல (D கியர்) போட்டதும் இன்ஜின் நின்னுடுது, ஏன்?

289 வி8 இன்ஜின், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நியூட்ரல்ல நல்லா ஓடுதுன்னு சொல்றீங்க. தயவுசெஞ்சு கியர்பாக்ஸை இப்பவே இறக்கிடாதீங்க, டிரைவ்ல போட்டதும் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பாகம்) இன்ஜின் மேல லோடு ஏத்தும், ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதப்போ இன்ஜின் ஓடுற வேகம்) ஏற்கனவே வீக்கா இருந்தா தாங்காம நின்னுடும். பெரும்பாலும் வேக்கம் லீக்தான், அதாவது இன்ஜின் காத்து உறிஞ்சுற பக்கம் எங்கயோ வெளிக்காத்து உள்ள புகுது. இன்டேக் மேனிஃபோல்ட்லருந்து (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) கியர்பாக்ஸ் மாடுலேட்டருக்கு (இந்த வேக்கத்தை வச்சு கியர் மாறுறதைச் சரிசெய்ற பாகம்) போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கான்னு பாருங்க, கழட்டும்போது உள்ள சிவப்பா ஆயில் இருந்தா மாடுலேட்டருக்குள்ள இருக்கிற சவ்வு (டயாஃப்ரம்) கிழிஞ்சிருக்கு, மாடுலேட்டரையே மாத்தணும். வேக்கம் கேஜ்ல (வேக்கம் அளக்குற மீட்டர்) ஐடில்ல முள்ளு 17-21 இன்ச்ல (பாதரச அளவு) ஆடாம நிக்கணும். அது சரியா இருந்தா கார்புரேட்டர் ஐடில் ஜெட் அடைப்பு, அப்புறம் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழற நேரம்), இதையெல்லாம் பாருங்க. சும்மா ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி ஒப்பேத்தாதீங்க, கியர் விழும்போது தூக்கி அடிக்கும். டிரைவ்ல வச்சு ஐடில் செட் பண்ணும்போது வீலுக்குக் கட்டை வச்சு, உள்ள ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுட்டே இருக்கணும், காருக்கு நேர் முன்னாடி மட்டும் நிக்கவே நிக்காதீங்க.