கணினிக் கேள்வி–பதில்: ரீலோட் செய்தும் பழையதே வருகிறதா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் இணையத்தளம் உபுண்டு இயங்குதளத்தில், என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலை சர்வரில் ஓடுகிறது. உறுப்பினர்கள் படம் ஏற்றினால் 413 பிழை (கோப்பு மிகப் பெரிது) வந்தது. ஏற்றும் கோப்பின் உச்ச வரம்பான ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ அளவை 20 எம்பி ஆக்கி ரீலோட் செய்தேன். அதே பிழைதான். ரீஸ்டார்ட் செய்யலாமா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: அவசரப்படாதீர்கள். ரீலோடில் பிழை இருந்தால் என்ஜின்எக்ஸ் புதியதை ஏற்காமல் பழைய அமைப்பிலேயே ஓடும், தளம் விழாது. ரீஸ்டார்ட் முதலில் சர்வரை நிறுத்திவிடும். கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தாலும் அது மறுபடி எழாது.

முதலில் ‘என்ஜின்எக்ஸ்’ கட்டளையை மைனஸ் சிறிய ‘டி’யுடன் (nginx -t) ஓட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். ஆனால் நீங்கள் திருத்திய கோப்பை அது படிக்கிறதா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அதற்குப் பெரிய ‘டி’ (nginx -T) போடுங்கள். படிக்கும் கோப்புகள் அத்தனையையும் பாதையோடு கொட்டும். அதில் உங்கள் 20 எம்பி வரியைத் தேடுங்கள்.

வரி இல்லையென்றால், ‘சைட்ஸ்-அவைலபிள்’ ஃபோல்டரில் திருத்தியிருப்பீர்கள். ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ ஃபோல்டரில் அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு (சிம்லிங்க்) இருக்காது. அல்லது இணைப்புக்குப் பதிலாக யாரோ நகல் எடுத்து வைத்திருப்பார்கள். இன்னொரு வழக்கமான தவறு, பழைய கோப்பை வேறு பெயரில் அதே ‘எனேபிள்ட்’ ஃபோல்டரில் பத்திரப்படுத்துவது. உபுண்டுவில் அங்குள்ள எல்லாக் கோப்பும் ஏறும். ஒரே தளப்பெயர் இரண்டில் இருந்தால் முதலில் ஏறியதே செல்லும், மற்றது புறக்கணிக்கப்படும். எச்சரிக்கை வரும், ஆனாலும் சோதனை ‘வெற்றி’ என்றே முடியும். அந்த எச்சரிக்கை வரியைக் கட்டாயம் படியுங்கள். பழைய நகலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வரி இருந்தும் பலனில்லையென்றால், உள்ளே ஏதாவது ‘லொகேஷன்’ பகுதியில் (தளத்தின் ஒரு முகவரிப் பாதைக்கான அமைப்பு) சிறிய அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். உள்ளிருப்பதே வெல்லும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பெரிய ‘டி’ காட்டுவது வட்டில் உள்ளதை, ஓடிக்கொண்டிருப்பதை அல்ல. ரீலோட் நடந்ததா என்று அறிய ஓடும் புரோசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ (ps) கட்டளையில், கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் புரோசஸ்கள் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். அவற்றை நடத்தும் மாஸ்டர் புரோசஸின் நேரம் மாறாது, வொர்க்கர்களின் நேரம் மாறியிருக்க வேண்டும். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்கரில், அதாவது தனிப்பெட்டி போன்ற கன்டெய்னருக்குள், ஓடும் என்ஜின்எக்ஸுக்கு அமைப்புக் கோப்பை மட்டும் மவுன்ட் செய்திருக்கிறேன் (வெளியிலிருந்து உள்ளே தெரியும்படி இணைத்திருக்கிறேன்). வெளியே திருத்தினாலும் உள்ளே பழையதே இருக்கிறது.
— வாசகர், செங்காங்

பதில்: ஒற்றைக் கோப்பை மவுன்ட் செய்தால், டாக்கர் பிடித்துக்கொள்வது அதன் பெயரை அல்ல, ஐநோடை (வட்டில் கோப்பை அடையாளம் காட்டும் உள் எண்). சில எடிட்டர்கள் சேமிக்கும்போது புதுக் கோப்பு எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். கன்டெய்னரோ பழைய ஐநோடையே பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை ரீலோட் செய்தாலும் பயனில்லை. இப்போதைக்குக் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு, கோப்புக்குப் பதிலாக அதன் ஃபோல்டரை ‘கான்ஃப்.டி’ (conf.d) இடத்தில் மவுன்ட் செய்வது. அங்கே ‘.கான்ஃப்’ என்று முடியும் கோப்புகள் மட்டுமே படிக்கப்படும்.