நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி: இன்ஜின் சூடு பற்றிய கேள்விகள்

வாசலில் வைத்து நானே ஹோஸ் மாற்றினேன், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மாற்றினேன், இப்போது வண்டி கொதிக்கிறது என்று இந்த முறை நிறையக் கேள்விகள். யாரும் கூச்சப்பட வேண்டாம். பட்டறையிலும் இதெல்லாம் நடக்கும், பில்லில் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான். வேலைக்கு முன் சூடாகாத வண்டி, வேலை முடிந்த மறுநாளே சூடானால் காரணம் பெரும்பாலும் நீங்கள் கழற்றி மாட்டிய இடத்தை ஒட்டியே இருக்கும். புது ரேடியேட்டருக்கு விலை கேட்பதற்கு முன் அங்கே தேடுங்கள்.

ஆல்டோவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. நானே மாற்றிக் கூலண்ட் நிரப்பினேன். பத்து நிமிடம் ஓடினால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது. சூடு குறையட்டும் என்று ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. – ஈரோடு வாசகர்

கடைசி வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குச் சுடுநீர் போய்ச் சேரவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அதாவது ஏர் லாக். வாட்டர் பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும். காற்று மாட்டிக்கொண்டால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். வடித்தது மூன்றரை லிட்டர், திரும்ப உள்ளே போனது இரண்டரைதான் என்றால் மீதி ஒரு லிட்டர் இடத்தில் இருப்பது காற்று. அடுத்த முறை வடிக்கும்போது அளவுள்ள டப்பாவில் பிடியுங்கள்.

காற்றை எடுக்கும் விதம் இது. இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி விடுங்கள், குமிழி வரும். பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அப்போது ரேடியேட்டர் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதையும் நிரப்பி மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் வேலை முடிந்தது. மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் மட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் பக்கத்தில் காற்று விடும் ஸ்க்ரூ இருக்கும். இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பிரஷர் குக்கர் கதைதான்: அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

செலவானாலும் பரவாயில்லை என்று தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலண்ட் ஊற்றினேன். முன்பைவிட முள் மேலே நிற்கிறதே? – கோவை வாசகர்

நீங்கள் வாங்கியது கான்சென்ட்ரேட், அதாவது தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கூலண்ட். அதில் இருக்கும் கிளைக்கால் என்ற திரவம், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான் சுமக்கும். சூட்டை எடுத்துப் போவது தண்ணீர். கொதிநிலையை உயர்த்துவதும், சேர்த்திருக்கும் மருந்துகளால் துருவைத் தடுப்பதும் கூலண்டின் வேலை. பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் கிடைக்கும். டப்பாவில் 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் அப்படியே ஊற்றலாம்.

கலக்குவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்து கெட்டியாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் கேனை எடுத்து வந்துவிடாதீர்கள், கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்தும் வாங்காதீர்கள். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைக் கேளுங்கள்.

வடித்த பழைய கூலண்டைத் தெருவில் விடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். கழற்றிவிட்டேன். சரியா? – மதுரை வாசகர்

சரியில்லை. அம்பாசிடர் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் யோசனை இது. இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், மைலேஜ் போகும், உள்ளே தேய்மானமும் கூடும். இதைவிட வேடிக்கை என்னவென்றால், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் வழியை, அடைக்கவும் செய்யும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும், சூடு ஏறும்.

புதிதாக வாங்கி மாட்டுங்கள். ஸ்ப்ரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஆடும் பின்னோடு ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. மாட்டும் முன் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். சமையலறைப் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். பைபாஸ் ரோட்டில் ஓட்டும்போது பிரச்சினையே இல்லை. சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது. – சென்னை வாசகர்

ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றுகிறது, நின்றால் காற்றடிக்க ஆள் இல்லை. ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் உடனே அல்லது சற்று நேரத்தில் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கனெக்டரை மாட்ட மறந்திருப்பீர்கள். அதில் குறையில்லை என்றால் ஃபியூஸ், ரிலே. ஓடுகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேன் வயர் மாறி, தலைகீழாகச் சுற்றுகிறது என்று பொருள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைத் திரும்ப மாட்டினீர்களா என்பதையும் பாருங்கள். "மாட்டாமலும் ஓடுகிறது" என்று மூலையில் போட்டுவைப்பவர்கள் உண்டு.

ஃபேனில் கை வைக்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஓடும் ஃபேன்கள் இருக்கின்றன.

பழைய மாருதி 800. ஹெட் கேஸ்கெட்டை நானும் தம்பியும் மாற்றினோம். டார்க் ரெஞ்ச் இல்லை, ஸ்பேனரில் பைப் சொருகி நன்றாக இறுக்கினோம். ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் ஹோஸ் விறைத்துப் போகிறது, ரேடியேட்டரில் குமிழி நிற்கவே இல்லை. – திண்டுக்கல் வாசகர்

தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் விறைக்கிறது என்றால், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்க வேண்டிய கேஸ்கெட் அடைக்கவில்லை, சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது. ஏர் லாக் குமிழியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது அடங்காது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கூடும். ஆயில் பால் போல் வெளுத்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்றும் பாருங்கள். இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். மறுபடி பிரிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

பிரித்ததும் முதலில் ஹெட்டின் சமதளத்தைப் பாருங்கள். நேரான இரும்புப் பட்டையை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் விட்டுப் பார்க்கும் வேலை. பல கார்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் அனுமதி. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அலுமினிய ஹெட் ஒரு தடவை நன்றாகச் சூடானாலே வளையும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு, அதாவது மட்டமாகச் சீவித்தான் மாட்ட வேண்டும். புது கேஸ்கெட் அதைச் சமாளிக்காது, எவ்வளவு இறுக்கினாலும் சரி.

அப்புறம் போல்ட் துளைகள். அவற்றில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அடிவரை போகாது, இறுகியது போல் ஏமாற்றும். பைப் போட்டு அழுத்தினால் பிளாக்கே விரிசல் விடலாம். துடைத்துக் காயவிடுங்கள். கேஸ்கெட்டில் 'டாப்' என்று இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். திருப்பிப் போட்டால் தண்ணீர் வழிகளே அடைபடலாம். பசை தடவச் சொல்லாத இடத்தில் தடவாதீர்கள், பிதுங்கிய துண்டுகள் ரேடியேட்டர் குழாயில்தான் போய் நிற்கும்.

இறுக்குவது நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் இல்லாமல் சில சுற்றுகளாக, புத்தகத்தில் உள்ள அளவுக்கு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இது முடியாது. தெரிந்த பட்டறையில் அரை நாள் இரவல் கேளுங்கள். ஏற்கெனவே இறுக்கிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். மற்ற வாசகர்களுக்கு: புதிய கார்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டும் ஒரு முறைக்குத்தான்.

கார்புரேட்டர் வண்டி என்றால் எல்லாம் முடிந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கையும் சரிபாருங்கள். ஸ்பார்க் தாமதமானாலும் இன்ஜின் சூடாகும்.

ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடலாமா? – கரூர் வாசகர்

நடுவழியில் வீடு வந்து சேர, சரி. வீட்டில் இருந்துகொண்டு, கூடாது. ஓட்டையை அடைக்கும் தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும், ஹீட்டரையும் விடாது. கடையில் விற்கும் லீக் பவுடருக்கும் இதே பதில்தான்.

ஏற்காடு ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது, நான் நிறுத்துவதற்குள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. ஓட்டலாமா? – சேலம் வாசகர்

முள் மெதுவாக ஏறும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ தரையில் ஒழுகினாலோ உடனே இன்ஜினை அணையுங்கள். சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும்.

உங்களுக்கு நடந்தது வேறாக இருக்கலாம். கூலண்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டும். இன்ஜின் அப்போதுதான் மிக மோசமாக வெந்துகொண்டிருக்கும். எனவே ஓட்ட வேண்டாம். ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், கூலண்ட் தெரியவில்லை என்றால் சாவியைத் திருப்பாமல் இழுவை வண்டிக்கு ஃபோன் செய்யுங்கள்.