வயர்ஷார்க்கில் பாக்கெட் வரவில்லையா? புது அடாப்டர் வாங்கும் முன்

கேள்வி: என் வீட்டுக் கண்காணிப்புக் கேமரா அடிக்கடி வைஃபை இணைப்பை இழக்கிறது. காரணம் அறிய, நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவினேன். வைஃபை அடாப்டரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பாக்கெட்கூடப் பதிவாவதில்லை. மானிட்டர் மோட் (சுற்றியுள்ள மற்றச் சாதனங்களின் வைஃபை பாக்கெட்டுகளையும் கேட்கும் நிலை) உள்ள யுஎஸ்பி அடாப்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எதுவுமே பதிவாகாததும் கேமராவின் பாக்கெட் பதிவாகாததும் வெவ்வேறு சிக்கல்கள். முதலில் வயர்ஷார்க்கின் பதிவு அமைப்புகளில் ப்ராமிஸ்குவஸ் மோடுக்கான (தனக்கு வராத பாக்கெட்டுகளையும் எடுக்க முயலும் நிலை) குறியை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸில் சில வைஃபை டிரைவர்கள் அந்த மோடில் எதையும் தருவதில்லை. அப்போதும் வராவிட்டால், வயர்ஷார்க்குக்குப் பாக்கெட்டுகளை எடுத்துத் தரும் பழைய மென்பொருளான, 2013க்குப் பின் புதுப்பிக்கப்படாத வின்பிகேப் கணினியில் இருந்தால் அதை அகற்றி, அதே வேலையைச் செய்யும் புதிய என்பிகேப்பை நிறுவுங்கள்.

இவற்றால் உங்கள் லேப்டாப்பின் பாக்கெட்டுகள் தெரியும், கேமராவுடையவை தெரியா. அதற்கு மானிட்டர் மோட் வேண்டும். என்பிகேப்பை நிறுவும்போது அதற்கென ஒரு தெரிவு வரும் என்றாலும், டிரைவர் இணங்காவிட்டால் அதைக் குறியிட்டுப் பயனில்லை. விண்டோஸில் பல டிரைவர்கள் இணங்குவதில்லை. ஆகவே பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஆதரிக்கப்படும் மோடுகளின் பட்டியலில் மானிட்டர் என்று இருந்தால், உள்ளிருக்கும் அடாப்டரே பெரும்பாலும் போதும்.

இல்லாவிட்டால் மட்டுமே புதியது, அதுவும் சிப்பின் பெயரைக் கேட்டறிந்த பிறகு. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் பதிப்பில் மானிட்டர் மோடுக்குப் பெயர்பெற்ற அதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டது. மாடல் எண் அதேதான். பழைய பதிப்புக்குக் கிடைத்த நற்பெயரைச் சொல்லிப் புதியதைத் தலையில் கட்டும் விற்பனையாளர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிப்பின் பெயரை அட்டைப்பெட்டியில் ஒரு வரி அச்சிடுவதில் தயாரிப்பாளர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

மானிட்டர் மோடில் அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு சேனலையே கேட்கும். ரௌட்டர் இயங்கும் சேனலில் அதை நிறுத்துங்கள். பாக்கெட்டின் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டிருக்கும். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை உள்ள நெட்வொர்க்கில் வைஃபை கடவுச்சொல்லை வயர்ஷார்க்கில் கொடுத்து அதைத் திறக்கலாம். ஆனால் கேமரா ரௌட்டருடன் இணையும்போது நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றமும் உங்கள் பதிவில் இருக்க வேண்டும். எனவே பதிவைத் தொடங்கிய பிறகே கேமராவை அணைத்து மீண்டும் போடுங்கள். முன்பே இணைந்துவிட்ட கேமராவின் பாக்கெட்டுகளைச் சரியான கடவுச்சொல் இருந்தாலும் திறக்க முடியாது. அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ3 என்றால் இந்த வழியே இல்லை: ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக ரகசியம் உருவாவதால், கடவுச்சொல்லும் முழுப் பரிமாற்றமும் கையிலிருந்தும் பயனில்லை.

உங்கள் தேவைக்கு உள்ளடக்கம் வேண்டியதில்லை என்பதே நல்ல செய்தி. இணைப்பு அறும் நேரத்தில் பதிவாகும் டீஆதென்டிகேஷன் ஃபிரேமை (இணைப்பைத் துண்டிக்கும் அறிவிப்பை) யார் அனுப்பியது, ரௌட்டரா கேமராவா என்பதையும், அதிலுள்ள காரண எண்ணையும் பாருங்கள். டபிள்யூபிஏ2 வீட்டு நெட்வொர்க்குகளில் இவை பெரும்பாலும் மறைக்கப்படாமலே வரும்.