அம்மாவுக்கு மலிவு ரிக்கெட் போடலாமா?

தம்பி, கிளிநொச்சியிலிருந்து அம்மாவைத் தனியே மெல்பேர்ணுக்கு அனுப்ப, கோலாலம்பூர் வரை ஸ்ரீலங்கன், அங்கிருந்து ஏயார் ஏசியா, இடையில் 3 மணித்தியாலம் என்று கேட்டிருக்கிறீர்கள். காசு மிச்சம்தான். ஆனால் அம்மாவுக்கு வேண்டாம்.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக ரிக்கெட் பதிந்தால், பெட்டி நேரே மெல்பேர்ணுக்குப் போகும் என்று நம்ப முடியாது. அவர் மலேசியக் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, திரும்பவும் கவுண்டரில் போட வேண்டிவரும். அதற்கு விசாவும் வேண்டும். இறங்குவது முதலாம் முனையம், ஏறுவது இரண்டாம் முனையம், இடையில் ரயில். முதல் விமானம் பிந்தினால் மற்ற ரிக்கெட் போச்சு, ஒருத்தரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

நீங்கள் ஒரு சின்னப் பையோடு போவதென்றால் மலிவு விமானம் நல்லதுதான். கைப்பொதி 7 கிலோ. பெட்டிக்கான நிறையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கவுண்டரில் விலை ஏறும்.

கட்டுநாயக்கவிலிருந்து மெல்பேர்ணுக்கு ஸ்ரீலங்கன் நேரே போகிறது, அதைப் பாருங்கள். அப்புறம், மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கட்டாமல் எந்த அம்மா போவார்? சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதென்று அவுஸ்திரேலிய வருகை அட்டையில் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள்.