மனைவியின் தோட்டத்தில் கணவனுக்கு என்ன வேலை?

கேள்வி: களுபோவிலவில் மாமியாரின் 4 பேர்ச் வெறுங்காணியில் என் மனைவி மரக்கறி போடுகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். போன மாதம் உதவப் போய், பொன்னாங்காணியைப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன். இன்னும் ஏச்சு நிற்கவில்லை. நான் உருப்படியாக என்ன செய்யலாம்? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: களை பிடுங்குவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எதை நடுவது, எப்போது பறிப்பது என்பதெல்லாம் மனைவியின் முடிவு. செடிக்குக் கீழே இருப்பதும் மேலே இருப்பதும் உங்கள் வேலை: வடிகால், பாத்தி, பசளை, பந்தல். முதுகு நோகிற வேலைகளும் இவைதான்.

முதலில் வடிகால். கொழும்பில் செடி வாடிச் சாவதை விட வேர் அழுகிச் சாவதே அதிகம். மே மாதத்திலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டுகிற மழையில் தட்டையான பாத்தி குளமாகிவிடும். பாத்தியை ஒரு அடி உயர்த்துங்கள். அகலம் மூன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கமும் நின்று எட்டிப் பறிக்க முடிய வேண்டும், உள்ளே மிதிக்கக் கூடாது. நடுவில் விடும் நடைபாதையையே வாய்க்காலாக வெட்டி, தண்ணீரை வீதிக் கானுக்கு விடுங்கள். பக்கத்து வளவுக்குள் விட்டால் அது வேறு சண்டை.

4 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,100 சதுர அடி. ஒரே நாளில் கொத்தி முடிக்க நினைத்தால் அடுத்த ஞாயிறு கட்டிலில்தான். ஒரு கிழமைக்கு ஒரு பாத்தி போதும். கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. களிபோல ஒட்டிக்கொண்டு நின்றால் அன்று மண்வெட்டியைத் தொட வேண்டாம். ஈரமண்ணைக் கொத்தினால் காய்ந்த பிறகு கட்டி கட்டியாக இறுகிவிடும். சிவந்த சரளை மண்ணாக இருந்தால் புளிப்புத் தன்மை இருக்கும். நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே, சதுர மீற்றருக்கு ஒரு பெரிய கைப்பிடி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) தூவிக் கலந்துவிடுங்கள்.

கூட்டெருக் குவியல் முழுக்க உங்கள் பொறுப்பாகட்டும். சமையல் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு. மீன் கழிவு வேண்டாம், எலி வரும். ஒவ்வொரு ஞாயிறும் புரட்டிப் போட்டால் மூன்று மாதமளவில் மண் வாசனை வரும். நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். காய்ந்த இலையை இன்னும் போடுங்கள்.

பயித்தங்காய்க்கும் பாகலுக்கும் பந்தல் போடும்போது கணவன்மார் செய்கிற ஒரு வேலை உண்டு: தங்கள் உயரத்துக்குப் போட்டுவிடுவார்கள். பறிக்கப் போவது யார்? மனைவி கையை உயர்த்தி நிற்கச் சொல்லி, அந்த அளவுக்குக் கீழே கம்பு கட்டுங்கள்.

தண்ணீர் பீப்பாவுக்கு நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கள். கிழமைக்கு ஒரு முறை சிரட்டை, பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை கிழமைக் கணக்கிலேயே பறக்கிற நுளம்பாகிவிடும். குடம்பி கிடந்தால் வழக்கும் வரலாம்.

மழை விட்ட மாலையில் ஆபிரிக்க நத்தை வெளியே வரும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளிக்குள் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம், செடியும் போய்விடும். சேற்றில் நிற்கும்போது பூட்ஸ் கட்டாயம். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்னக் காயம் வழியாகவும் ஏறும்.

பொன்னாங்காணி விஷயத்துக்கு வருவோம். அதன் தண்டை இரண்டு மூன்று கணு நீளத்தில் வெட்டி ஈரமண்ணில் குத்தினால் வேர் பிடித்துவிடும். பக்கத்து வளவில் ஒரு பிடி கேட்டு வாங்கி, மனைவி காட்டுகிற இடத்தில் நடுங்கள். அப்புறம் களை பிடுங்கத்தான் வேண்டும் என்றால் கோரையில் தொடங்குங்கள். இழுத்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்று திரும்ப முளைக்கும். தோண்டி எடுக்க வேண்டும். வேறு சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.